டாரஸ் டிப்பருக்கு ரப்பர் சஸ்பென்ஷன்: பட்டையை விட்டுவிடலாமா?

சங்ககிரி_லோடு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். என்னிடம் இரண்டு டாரஸ் டிப்பர், அதாவது பின்னால் இரண்டு அச்சுள்ள லாரி, ஓடுகிறது. குவாரியிலிருந்து ஜல்லி, எம் சாண்ட் நடை. தார் ரோட்டில் ஓடுவது பாதி, குவாரிக்குள் குண்டு குழியில் ஓடுவது பாதி. பின்பக்கம் பட்டைதான், அதாவது வளைந்த இரும்புத் தகடுகளை அடுக்கிய கமான் ஸ்பிரிங். போன வருஷம் ஒரே வண்டிக்கு மெயின் பட்டை மூன்று தடவை முறிந்தது. பட்டைக் காசு போனால் போகட்டும், லோடோடு வண்டி நிற்கிற இரண்டு நாள்தான் கையைக் கடிக்கிறது.

இப்போது மூன்றாவது வண்டி எடுக்கலாம் என்று போனேன். ஷோரூமில் பின்பக்கம் ரப்பர் சஸ்பென்ஷன் போட்ட மாடலைக் காட்டினார்கள். குனிந்து பார்த்தால் பட்டையே இல்லை. சேசிஸுக்குக் கீழே பக்கத்துக்குப் பக்கம் கறுப்பு ரப்பர் கட்டைகள், அதற்கும் கீழே இரண்டு அச்சு ஹவுசிங்கையும் சேர்த்துப் பிடித்து நடுவில் ஊசலாடுகிற ஒரு பீம். அவ்வளவுதான். கிரீஸ் வேண்டாம், எடை குறைவு, அதனால் லோடு கூட ஏற்றலாம் என்கிறார்கள்.

பின்னால் இருக்கிற இரண்டு அச்சுக்குச் சட்டப்படியே 21 டன். நடைமுறை என்னவென்று இங்கே எல்லாருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்து அழிரப்பர் மாதிரி நசுங்கிப் போகாதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கமான்_கந்தன் எழுதியது:

என் பிழைப்புக்காகச் சொல்கிறேன் என்று நினைத்தாலும் சரி, சொல்லிவிடுகிறேன். பட்டை முறிந்தால் தமிழ்நாட்டில் எந்த ஊர் பைபாஸிலும் ஒரு பட்டறை இருக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பினாலும் ஒரு பட்டையை மாற்றி அனுப்பிவிடுவோம். அந்த ரப்பர் கட்டை கிழிந்தால் டீலருக்கு போன் போட்டுவிட்டு டீக்கடையில் உட்கார வேண்டியதுதான்.

இன்னொன்று அண்ணே. மூன்று தடவை மெயின் பட்டை முறிந்தது என்றால் எங்கே முறிந்தது என்று பார்த்தீர்களா? பட்டைகளை நடுவில் கோக்கிற சென்டர் போல்ட் ஓட்டையிலேயே முறிந்திருந்தால் அது பட்டையின் குற்றம் இல்லை, பட்டையை அச்சோடு இறுக்கிப் பிடிக்கிற யு போல்ட் தளர்ந்திருக்கிறது. புதுப் பட்டை போட்டு நாலு நடை ஓடியதும் யு போல்ட்டைத் திரும்ப டைட் வைக்கச் சொல்லி அனுப்புவோம். நூறு பேரில் பத்துப் பேர் வந்தால் அதிகம்.

டீசல்_வாசனை எழுதியது:

லாரி எனக்குத் தெரியாது. ரயில்வேயில் டீசல் ஷெட்டில் ஃபிட்டராகச் சேர்ந்து ஓய்வு பெற்றவன். "ரப்பர் நசுங்கிப் போகாதா" என்பதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

டபிள்யூ.டி.ஜி. 4 என்று ஒரு சரக்கு டீசல் இன்ஜின் இருக்கிறது. இ.எம்.டி. என்ற அமெரிக்கக் கம்பெனியின் வடிவமைப்பு, பிறகு வாரணாசியிலேயே கட்டினார்கள். 4000 குதிரைத் திறன், மொத்த எடை 126 டன். அந்த இன்ஜினின் உடம்பு இரண்டு போகியின் மேல், அதாவது சக்கரமும் அச்சும் மாட்டிய சட்டத்தின் மேல், எதை வைத்து உட்கார்ந்திருக்கிறது தெரியுமா? ஒரு போகிக்கு நாலு ரப்பர் அடுக்கு, ஆக எட்டு. போகிகளின் எடையைக் கழித்துவிட்டு மிச்சத்தை எட்டால் வகுத்துப் பாருங்கள். அப்படியே ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அச்சுப் பக்கம் காயில் ஸ்பிரிங், உடம்புப் பக்கம் ரப்பர்.

எனக்கு அதில் பிடித்த காட்சி ஒன்று உண்டு. ஷெட் வளைவில் இன்ஜினை மெதுவாக நகர்த்தும்போது பள்ளத்தில் நின்று டார்ச் அடித்துப் பார்த்தால், போகி திரும்பும், மேலே உடம்பு திரும்பாது, நடுவில் அந்த ரப்பர் அடுக்கு, சாய்த்து வைத்த சீட்டுக்கட்டு மாதிரி ஒரு பக்கமாகச் சரியும். வளைவு முடிந்ததும் தானாக நேராகிவிடும். தேய்கிற பாகம் ஒன்றுமே இல்லை. பழைய போகிகளில் இதே வேலைக்கு உரசுகிற தட்டு, அதற்கு எண்ணெய், எண்ணெய் பார்க்க ஒரு ஆள் என்று இருந்ததைப் பார்த்தவன் நான்.

அஞ்சாவது_செம் எழுதியது:

மெக்கானிக்கல் படிக்கிற மாணவி. ஒரு சந்தேகம் சார். வளைவில் சீட்டுக்கட்டு மாதிரி சரிகிற அளவுக்கு மிருதுவாக இருக்கிற அதே ரப்பர், மேலிருந்து பல டன் எடை வரும்போது மட்டும் எப்படி விறைப்பாக நிற்கிறது? ஒரே பொருள்தானே?

அச்சு_வார்ப்பு எழுதியது:

நல்ல கேள்வி. இந்தத் தொழிலே இந்தக் கேள்விக்குள்தான் அடங்கியிருக்கிறது. ரப்பரையும் இரும்பையும் சேர்த்து ஒட்டி அச்சில் வேகவைக்கிற சின்னத் தொழிற்சாலை ஒன்றில் பதினெட்டு வருஷமாக இருக்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாரும் ரப்பர் அமுங்கும் என்று நினைக்கிறார்கள். அமுங்காது. பிதுங்கும். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் எல்லாம். நாலு பக்கமும் அடைத்துவிட்டு மேலிருந்து அமுக்கினால் ரப்பர் ஏறத்தாழ தண்ணீர் மாதிரிதான், கன அளவு குறையவே குறையாது. அழிரப்பரை விரலால் அழுத்தும்போது அது குட்டையாவது போலத் தெரிவது, பக்கவாட்டில் பிதுங்க இடம் இருப்பதால். பிதுங்குகிற இடத்தை அடைத்தால் அதே ரப்பர் கல்லாகிவிடும்.

எப்படி அடைப்பது? ரப்பருக்கு நடுவில் இரும்புத் தகடுகளை ஒட்டிவிடுவது. 200 மி.மீ. சதுரம், 50 மி.மீ. கனம் உள்ள ஒரு ரப்பர் கட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். மேலும் கீழும் மட்டும் தகடு. எடையைத் தாங்கும் முகத்தின் பரப்பும், பிதுங்கக்கூடிய நாலு ஓரத்தின் பரப்பும் சரிசமம். இப்போது அதே 50 மி.மீ. ரப்பரை 10 மி.மீ. கனத்தில் ஐந்து அடுக்காக்கி, நடுவில் மெல்லிய தகடுகளை ஒட்டுங்கள். ஒவ்வொரு அடுக்கிலும் தாங்கும் முகம், பிதுங்கும் ஓரத்தைப் போல ஐந்து மடங்கு. வழக்கமான சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால் மேலிருந்து அமுக்கும்போது விறைப்பு 14, 15 மடங்கு கூடிவிடும். ரப்பர் ஒரு கிராம்கூட மாறவில்லை.

ஆனால் பக்கவாட்டில் தள்ளினால்? சறுக்குப் பெயர்ச்சியில் ரப்பர் பிதுங்க வேண்டிய அவசியமே இல்லை. அதனால் தகடு போட்டாலும் போடாவிட்டாலும் ஒரே மிருதுதான். மொத்த ரப்பர் கனம் 50 மி.மீ., அது மாறவில்லையே. டீசல்_வாசனை சார் பார்த்த சீட்டுக்கட்டு இதுதான். மேலிருந்து கல், பக்கத்திலிருந்து மெத்தை.

காயில் ஸ்பிரிங்கில் இவ்வளவு சுலபமாக இந்த விளையாட்டு வராது. ரப்பரில் எந்தத் திசைக்கு எவ்வளவு விறைப்பு வேண்டும் என்பதைத் தகட்டின் எண்ணிக்கையையும் சாய்வையும் வைத்தே தீர்மானிக்கலாம். மெட்ரோ, புறநகர் ரயில் சிலவற்றில் அச்சின் முனையைப் பிடிக்கிற அச்சுப்பெட்டிக்கு இரண்டு பக்கமும் "வி" வடிவத்தில் அடுக்கு ரப்பர் இருக்கும், செவ்ரான் ஸ்பிரிங் என்பார்கள். மேலும் கீழும் போகும்போது பெரும்பாலும் சறுக்கு, அதனால் மிருது. முன்னும் பின்னும் தள்ளும்போது பெரும்பாலும் அமுக்கம், அதனால் விறைப்பு. சக்கரம் நேராக ஓட எது விறைப்பாக இருக்கணுமோ அது விறைப்பு, பயணிக்கு எது மிருதுவாக இருக்கணுமோ அது மிருது. வழிகாட்டித் தட்டு, தேய்மானம், கிரீஸ் எதுவும் கிடையாது.

பாலங்களுக்கு அடியில் தூண் தலையில் கறுப்பாக ஒரு தட்டு உட்கார்ந்திருக்குமே, அதுவும் இதே சரக்குதான். வெயிலில் பாலம் நீளும்போது சறுக்கிக் கொடுக்கும், பாலத்தின் எடைக்கு அசையாது.

அஞ்சாவது_செம் எழுதியது:

வகுப்பில் தாங்கும் முகத்தைப் பிதுங்கும் ஓரத்தால் வகுத்து ஷேப் ஃபேக்டர் என்று எழுதிப் போட்டு ஒரு சூத்திரம் கொடுத்தார்கள். பிதுங்கும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே புரிந்திருக்கும்.

சங்ககிரி_லோடு எழுதியது:

சரி, தாங்கும் என்று ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என் வண்டி பாதி நேரம் காலியாக வருகிறது. 21 டன் தாங்குகிற ரப்பர் காலி வண்டிக்குக் கட்டை மாதிரி இருக்காதா? டிரைவர் முதுகு என்ன ஆவது?

அச்சு_வார்ப்பு எழுதியது:

இருக்கும், வடிவமைப்பு மட்டமாக இருந்தால். நல்ல வடிவமைப்பில் இல்லை. ரப்பர் நேர்கோட்டில் விறைக்காது, அமுக்க அமுக்க விறைப்பு ஏறிக்கொண்டே போகும். முதலில் கொஞ்சம் ரப்பர் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும், லோடு ஏற ஏற அதிகப் பரப்பு வந்து சேரும், பிதுங்குகிற இடமும் குறையும். காலி வண்டிக்கு மிருது, லோடுக்கு விறைப்பு. பட்டையில் இதையே செய்ய மேலே ஒரு ஹெல்பர் பட்டை போடுகிறீர்கள் அல்லவா, அதே யோசனைதான்.

இந்த யோசனையின் பிரபலமான கதை லாரியில் இல்லை, ஒரு குட்டிக் காரில். 1959இல் இங்கிலாந்தில் வந்த மினி. இசிகோனிஸ் வடிவமைத்த கார், சஸ்பென்ஷன் அலெக்ஸ் மௌல்டன். கார் அவ்வளவு லேசு, நாலு பேர் ஏறினாலே எடை தாறுமாறாகக் கூடிவிடும். சாதாரண ஸ்பிரிங் போட்டால் ஒன்று காலிக்காரில் துள்ளும், இல்லை நாலு பேரோடு தரை தட்டும். மௌல்டன் கூம்பு வடிவ ரப்பர் போட்டார். காலி டிப்பருக்கும் லோடு டிப்பருக்கும் உள்ள அதே பிரச்சினை, சின்ன அளவில்.

டீசல்_வாசனை எழுதியது:

அந்த மௌல்டன் குடும்பமே ரப்பர் குடும்பம்தான். கொள்ளுத்தாத்தா ஸ்டீபன் மௌல்டன், சார்லஸ் குட்இயர் என்பவர் அமெரிக்காவில் கந்தகம் சேர்த்து வேகவைத்த ரப்பரின் மாதிரிகளை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனவர். 1848இல் பிராட்ஃபோர்ட் ஆன் ஏவன் என்ற ஊரில் ஒரு பழைய துணி ஆலையை வாங்கி ரப்பர் ஆலையாக்கினார். பின்னால் ஸ்பென்சர் மௌல்டன் என்று பெயரான அந்தக் கம்பெனிக்குச் சோறு போட்டதில் பெரிய பங்கு ரயில்வேக்கான பஃபர் ரப்பரும் (பெட்டியும் பெட்டியும் மோதும் இடத்தில் தாங்குவது) இழுவை ஸ்பிரிங் ரப்பரும். அதாவது ரப்பர் ஸ்பிரிங் ரயிலில் ஆரம்பித்து நூறு வருஷம் கழித்துத்தான் மினி காருக்குப் போனது. புது டெக்னாலஜி என்று ஷோரூமில் சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள்.

கமான்_கந்தன் எழுதியது:

சரித்திரம் நல்லாத்தான் இருக்கிறது. அப்போ ஷாக் அப்சார்பர்? ரப்பர் போட்டால் அதுவே அதிர்வை விழுங்கிவிடும், ஷாக் தேவையில்லை என்று ஒரு சேல்ஸ்மேன் என்னிடமே சொன்னார்.

அச்சு_வார்ப்பு எழுதியது:

அந்த சேல்ஸ்மேனுக்கு நம் சார்பாக ஒரு கும்பிடு போடுங்கள். இயற்கை ரப்பர் அதிர்வை விழுங்குவது கொஞ்சம்தான். வாங்கியதில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடும். அதனால்தானே அது ஸ்பிரிங். பட்டைக்குப் பட்டை உரசுகிற உராய்வு உங்கள் கமானில் விழுங்குவது இதைவிட அதிகம். அந்த விஷயத்தில் பட்டைக்குத்தான் என் ஓட்டு.

அதிகம் விழுங்குகிற கலவை செய்ய முடியாதா என்றால் முடியும். ஆனால் விழுங்கியது எங்கே போகும்? சூடாகும். ரப்பர் சூட்டைக் கடத்தாது. கனமான கட்டைக்கு நடுவில் ஏறிய சூடு வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே கட்டையை வேகவைக்கும். வெளியே தொட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பு, நடுவில் பிசின். அறுத்துப் பார்த்திருக்கிறேன், வாழைப்பழம் கனிந்த மாதிரி இருக்கும். இயற்கை ரப்பருக்கு 80, 90 டிகிரி தாண்டிவிட்டால் ஆயுள் வேகமாகக் கரையும்.

தண்டவாளம்_தாண்டி எழுதியது:

எல்லாரும் ரப்பருக்குப் பல்லக்குத் தூக்குகிறீர்கள். ஜெர்மனியில் 1998 ஜூன் 3, எஷடே என்ற ஊர். அதிவேக ரயிலில் ரப்பர் ஸ்பிரிங் போட்டு 101 பேர் செத்தார்கள். அதை ஏன் யாரும் பேசவில்லை?

டீசல்_வாசனை எழுதியது:

பேசலாம் தம்பி. ஆனால் சரியாகப் பேசுவோம். அங்கே ரப்பர் இருந்தது சஸ்பென்ஷனில் இல்லை, சக்கரத்துக்குள்.

ஐ.சி.இ. என்ற அந்த அதிவேக ரயில்களுக்கு முதலில் ஒரே இரும்புத் துண்டான சக்கரம்தான். ஓடி ஓடி வட்டம் கெட்டதும் அதிர்வு வந்தது. உணவுப் பெட்டியில் தட்டும் கிளாசும் ஆடுகிறது என்று புகார். அதைத் தீர்க்கச் சக்கரத்தின் உடலுக்கும் வெளி இரும்பு வளையத்துக்கும் நடுவில் ஒரு ரப்பர் வளையம் வைத்த சக்கரத்தைப் போட்டார்கள். டிராம் வண்டியில் இப்படிப்பட்ட சக்கரம் பல காலமாக ஓடுகிறது, அமெரிக்காவில் 1930களின் பி.சி.சி. டிராமிலேயே உண்டு. ஆனால் டிராமின் வேகம் என்ன, 200 கி.மீ. என்ன?

வெளி வளையம் ரப்பரின் மேல் உட்கார்ந்திருப்பதால் ஒவ்வொரு சுற்றுக்கும் லேசாக நசுங்கி நிமிரும். 200 கி.மீ. வேகத்தில் அந்த அளவுச் சக்கரம் நொடிக்கு ஏறத்தாழ இருபது சுற்று. நொடிக்கு இருபது தடவை வளைந்து நிமிர்கிற இரும்பு. விட்டம் தேயத் தேய வளையம் மெலியும், இன்னும் அதிகம் வளையும். கடைசியில் வளையத்தின் உள்பக்கத்தில், வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத இடத்தில், விரிசல் விட்டு முறிந்தது. முறிந்தது ரப்பர் இல்லை, இரும்பு. ரப்பரை வைத்த இடம் தப்பு, அந்த வேகத்துக்கு அதைச் சோதித்த விதம் போதவில்லை, விரிசலைக் கண்டுபிடிக்கும் பரிசோதனையும் போதவில்லை. அதன் பிறகு அந்த ரயில்களில் மறுபடியும் ஒரே துண்டுச் சக்கரத்துக்கே போய்விட்டார்கள்.

சஸ்பென்ஷனில் இருக்கிற அடுக்கு ரப்பரில் விரிசல் வெளி ஓரத்தில் தொடங்கும், டார்ச் அடித்தால் தெரியும், முழுசாகக் கிழிந்தாலும் இரும்பின் மேல் இரும்பு உட்காரும். இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

தண்டவாளம்_தாண்டி எழுதியது:

சரி, சக்கரம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ரப்பர் அவ்வளவு உசத்தி என்றால் வந்தே பாரத்தில், மெட்ரோவில் பெட்டிக்கு அடியில் ஏன் காற்றுப் பலூன் வைக்கிறார்கள்?

அஞ்சாவது_செம் எழுதியது:

இதற்கு நான் பதில் சொல்லலாமா? நேற்றுதான் கணக்குப் போட்டேன்.

எடை ஏறியதும் ஸ்பிரிங் எத்தனை செ.மீ. இறங்குகிறது என்று பாருங்கள். அதன் வர்க்கமூலத்தால் 5ஐ வகுத்தால் நொடிக்கு எத்தனை தடவை ஆடும் என்று வந்துவிடும். ரப்பர் அடுக்கு 4 செ.மீ. இறங்கினால் நொடிக்கு 2.5 ஆட்டம். பயணிக்கு இதமாக இருக்க 1 பக்கம் வரவேண்டும், அதற்கு ஸ்பிரிங் 25 செ.மீ. இறங்கணும். 25 செ.மீ. இறங்குகிற ரப்பர் கட்டை எவ்வளவு உயரம் இருக்கணும் என்று யோசித்தால் சிரிப்புதான் வருகிறது. அவ்வளவு மிருதுவான ஸ்பிரிங்கில் கூட்டம் ஏற இறங்கப் பெட்டியின் உயரம் மாறும், பிளாட்பாரத்தோடு ஒத்துப்போகாது. காற்று ஸ்பிரிங்கில் ஆள் ஏறினால் வால்வு திறந்து காற்று ஏறும், உயரம் மாறாது, ஆட்டமும் மெதுவாக இருக்கும்.

அதனால் அச்சுக்கும் போகிக்கும் நடுவில் ரப்பரோ காயிலோ, போகிக்கும் பெட்டிக்கும் நடுவில் காற்று. சரியா சார்?

அச்சு_வார்ப்பு எழுதியது:

சரிதான் அம்மா. ஒன்று சேர்த்துக்கொள். ஆடிக்கொண்டிருக்கும்போது ரப்பர், நிற்கும்போது இருப்பதைவிடக் கொஞ்சம் விறைப்பு. அதனால் உன் 2.5 நிஜத்தில் இன்னும் சற்று மேலே போகும். அப்புறம், அந்தக் காற்றுப் பலூனுக்கு உள்ளே எட்டிப் பார்த்தால் அங்கேயும் அடியில் ஒரு அடுக்கு ரப்பர் உட்கார்ந்திருக்கும். காற்று போய்விட்டால் பெட்டி அதன் மேல் இறங்கும், வேகத்தைக் குறைத்து ஊர் போய்ச் சேரலாம். பலூனே ரப்பரும் நூலும்தான். எங்களை அவ்வளவு சீக்கிரம் விரட்ட முடியாது.

டீசல்_வாசனை எழுதியது:

சரக்கு வேகன்களையும் மறந்துவிடாதீர்கள். நம் பாக்ஸ்என் என்கிற திறந்த சரக்கு வேகன்களின் காஸ்நப் ரகப் போகியில் அச்சின் பேரிங் அடாப்டருக்கும் பக்கச் சட்டத்துக்கும் நடுவில் உள்ளங்கை கனத்தில் ஒரு ரப்பர் தட்டு உண்டு, இ.எம். பேட் என்போம். பார்க்க ஒன்றுமில்லை. அது இருந்தால்தான் வளைவில் அச்சு துளி திரும்பிக் கொடுக்கும், சக்கர விளிம்பு தேயாது. யார்டில் பெட்டி, வேகன் பார்க்கிற சி அண்ட் டபிள்யூ ஆட்கள் சுத்தியலும் டார்ச்சுமாக ரயில் நீளத்துக்கும் நடந்து பார்க்கிற பட்டியலில் அந்தத் தட்டு நகர்ந்திருக்கிறதா, நசுங்கியிருக்கிறதா என்பதும் உண்டு.

இன்னொரு தொல்லை, ரப்பர் நாளாக நாளாக இறங்கும். ரயிலில் இது விளையாட்டு இல்லை. தண்டவாளத்தின் மேல்மட்டத்திலிருந்து பஃபர் உயரம் காலிக்கு 1105 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது, லோடில் 1030க்குக் கீழே இறங்கக்கூடாது. நடுவில் இருப்பது 75 மி.மீ.தான். சக்கரத் தேய்மானம், ஸ்பிரிங் இறக்கம், லோடு எல்லாம் அதற்குள் அடங்கணும்.

சங்ககிரி_லோடு எழுதியது:

இறங்கிக்கொண்டே போகுமா? அப்போ அஞ்சு வருஷத்தில் என் வண்டி படுத்துவிடுமே!

அச்சு_வார்ப்பு எழுதியது:

பயப்பட வேண்டாம். இறங்குகிற விதத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. காலம் பத்து மடங்கு ஆகும்போதெல்லாம் ஒரே அளவு இறங்கும். நல்ல இயற்கை ரப்பருக்கு அது, எடை வைத்ததும் முதலில் இறங்கிய அளவில் 2, 3 சதவீதம் என்று வையுங்கள். முதல் நிமிஷத்திலிருந்து பத்தாவது நிமிஷத்துக்குள் 3 சதவீதம். பத்திலிருந்து நூறு நிமிஷத்துக்குள் இன்னொரு 3. இப்படியே போனால் முதல் வருஷ முடிவுக்குள் மொத்தம் 17 சதவீதம் பக்கம் வந்துவிடும். ஆனால் அதற்கு அடுத்த 3 சதவீதம் இறங்க பத்தாவது வருஷம் வரை ஆகும். இறங்க வேண்டியது பெரும்பாலும் முதல் வாரத்திலேயே இறங்கிவிடும். அதனால்தான் உயரம் அளக்கும் முன் லோடு வைத்துக் கொஞ்சம் உட்கார விட்டு அளக்கிறோம்.

ஒழுங்காக வேகாத ரப்பர் இந்தக் கணக்குக்குக் கட்டுப்படாது, அது வேறு விஷயம். கனமான கட்டையை அவசரத்துக்குச் சூட்டைக் கூட்டி வேகவைத்தால் வெளித்தோல் தீய்ந்துபோகும், நடுவில் மாவாகவே இருக்கும். இட்லியே அப்படித்தான் ஆகும், ரப்பர் ஆகாதா?

குலசேகரம்_பால் எழுதியது:

கன்னியாகுமரி மாவட்டத்துக்காரன். அப்பா ரப்பர் பால் வெட்டியவர். விடியும் முன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாகப் போவார். சிரட்டையில் பால், ஆசிட் ஊற்றி உறைய வைத்து, ரோலரில் ஷீட் அடித்து, புகைப்புரையில் தொங்கப் போட்டால் தேன் நிறத்தில் வரும். சிரட்டையில் ஒட்டிக் காய்ந்த ஒட்டுப்பாலுக்கு விலை குறைவு. அந்த ஷீட் எங்கே போகிறது என்று டயரைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. இன்ஜினே அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது என்று இன்றுதான் தெரியும்.

ஒரு கேள்வி. இத்தனை செயற்கை ரப்பர் வந்த பிறகும் ஏன் இதற்கு மரத்துப் பால்?

அச்சு_வார்ப்பு எழுதியது:

கையில் ஒரு ரப்பர் பேண்ட் எடுங்கள். மேல் உதட்டில் ஒட்டி வைத்து, சடாரென்று இழுங்கள். சூடாக இருக்கும். இழுத்தபடியே கொஞ்சம் வைத்திருந்து விடுங்கள். சில்லென்று இருக்கும். 1805இலேயே ஜான் கஃப் என்று ஒரு ஆங்கிலேயர், கண் தெரியாதவர், இதே மாதிரி உதட்டில் வைத்துக் கண்டுபிடித்த விஷயம்.

இழுபடும்போது மரத்து ரப்பரின் நீள இழைகள் ஒழுங்காக வரிசைகட்டிப் படிகமாகிவிடுகின்றன. விரிசலின் நுனியில்தான் இழுப்பு மிக அதிகம், அங்கேதான் படிகமும் அதிகம். விரிசல் முன்னேறப் பார்க்கும், எதிரே சுவர் எழும்பும். லட்சம் லட்சம் தடவை வளைந்தாலும் கிழியாமல் நிற்பது இதனால். பல செயற்கை ரப்பர்களுக்கு இந்தக் குணம் இல்லை. உங்கள் அப்பாவின் சிரட்டைக்கு இன்னும் வேலை இருக்கிறது.

குறை என்னவென்றால் எண்ணெய். டீசல், இன்ஜின் ஆயில் பட்டால் உப்பிவிடும். ஓசோன் பட்டால் இழுபட்ட இடத்தில் குறுக்காகக் கீறல் விடும், அதற்கு மெழுகும் மருந்தும் கலக்கிறோம்.

டீசல்_வாசனை எழுதியது:

எண்ணெய் என்று சொன்னதும் வயிறு கலங்குகிறது. எங்கள் ஷெட்டில் கசிகிற இன்ஜினுக்கு அடியில் இருந்த ரப்பரை நான்தான் துடைப்பேன். டீசலில் நனைத்த துணியால் துடைத்த பையன் ஒருவனை ஒரு நாள் பிடித்தேன். பளபளவென்று இருந்தது. பாவம், நல்லதென்று நினைத்துத்தான் செய்தான்.

சங்ககிரி_லோடு எழுதியது:

என் கதையையும் கேளுங்கள். பழைய வண்டியில் டார்க் ராட் புஷ், அதாவது அச்சு ஹவுசிங்கை நகராமல் பிடிக்கிற கம்பியின் முனையில் இருக்கும் ரப்பர், போன தீபாவளிக்கு மாற்றினேன். விலை பாதி என்று ஒரு இடத்தில் வாங்கியது, இடம் வேண்டாம். ரெண்டே மாதத்தில் ஹவுசிங் நகர்ந்து டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்தது. கழற்றினால் ரப்பர் முழுசாக வெளியே வந்துவிட்டது, கிழியவே இல்லை, தோல் உரித்த நுங்கு மாதிரி. இரும்பு பளிச்சென்று இருந்தது. ரப்பர் நல்ல ரப்பர் போல, அதான் கிழியவில்லை என்று நினைத்தேன்.

அச்சு_வார்ப்பு எழுதியது:

நேர் தலைகீழ்! இரும்பு பளிச்சென்று இருந்தால் ஒட்டே பிடிக்கவில்லை என்று அர்த்தம். இரும்பை மணல் அடித்துச் சுரசுரப்பாக்கி, எண்ணெய்ப் பிசுக்கு எடுத்து, அடிப்பூச்சு ஒன்று, மேல்பூச்சு ஒன்று பூசி, கையால் தொடாமல் அச்சில் வைக்கணும். ஒரு விரல் ரேகை போதும் ஒட்டு விட. நாங்கள் மாதிரிக்கு ஒன்றை எடுத்து இழுத்துப் பிய்த்துப் பார்ப்போம். ரப்பரே கிழிந்து இரும்பின் மேல் கறுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தால்தான் பாஸ். பளிச்சென்று உரிந்தால் அந்தக் கட்டு முழுவதும் குப்பை.

இதைத்தான் நீங்கள் புது வண்டியிலும் பார்க்கணும். ஷோரூமில் பார்க்காதீர்கள், அங்கே எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். அதே மாடல் இரண்டு வருஷம் குவாரியில் ஓடிய வண்டி ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். லோடோடு நிற்கும்போது டார்ச் அடித்து, ரப்பரும் தகடும் சேரும் கோட்டைப் பாருங்கள். நடுவில் தோலில் சின்னச் சின்னக் கீறல் இருந்தால் வயசு, விடுங்கள். சேரும் கோட்டில் நகம் நுழைகிற இடைவெளி இருந்தால் வேண்டாம்.

சங்ககிரி_லோடு எழுதியது:

பத்து நாள் கழித்து இப்போதுதான் எழுதுகிறேன். பக்கத்து குவாரியில் அதே மாடல் வண்டி ஒன்று, இரண்டேகால் வருஷம் ஓடியது. லோடு ஏற்றி எடைமேடையில் நிற்கும்போது அடியில் படுத்துப் பார்த்தேன். எட்டுக் கட்டையும் ஒரே மாதிரி பிதுங்கி இருந்தது, இந்த வார்த்தை இப்போது எனக்கும் ஒட்டிக்கொண்டது. தோலில் முடி மாதிரி கீறல், நகத்தால் கீறினால் ஆழம் இல்லை. சேரும் கோட்டில் ஏழு சுத்தம். எட்டாவதில் ஒரு மூலையில் அரை அங்குலத்துக்கு என் நகம் நுழைந்தது. மேலே பார்த்தால் ஹைட்ராலிக் ஹோஸிலிருந்து எண்ணெய் சொட்டுகிறது, நேராக அந்தக் கட்டை மேல்.

அச்சு_வார்ப்பு எழுதியது:

ஏழு சுத்தம் என்றால் ஒட்டு நல்ல ஒட்டு. எட்டாவது ஹோஸ் செய்த வேலை. வண்டிக்காரரிடம் ஹோஸை முதலில் மாற்றச் சொல்லுங்கள், அப்புறம் கட்டை. எண்ணெயை சோப்புத் தண்ணீரால் கழுவச் சொல்லுங்கள், டீசலால் இல்லை.

சங்ககிரி_லோடு எழுதியது:

சொல்லிவிட்டேன். புது வண்டிக்கு ரப்பரே புக் பண்ணியாகிவிட்டது. எடுத்ததும் முதல் வேலை, டிப்பர் ஹோஸை அந்தக் கட்டைக்கு மேலே போகாமல் வேறு வழியாக இழுத்துக் கட்டுவது. பழைய இரண்டு வண்டியும் பட்டையோடுதான் ஓடும். கந்தன் அண்ணே, நீங்கள் சொன்ன மாதிரி முறிந்த பட்டையைத் தேடி எடுத்துப் பார்த்தேன். மூன்றும் சென்டர் போல்ட் ஓட்டையில்தான்.

கமான்_கந்தன் எழுதியது:

ஞாயிற்றுக்கிழமை இரண்டு வண்டியையும் கொண்டு வாருங்கள். யு போல்ட் டைட் வைக்கக் காசு வேண்டாம். புது வண்டியையும் ஒரு நாள் கொண்டு வாருங்கள், அந்தக் கட்டையை நானும் படுத்துப் பார்க்கணும்.